பத்தொன்பது வினாடி

ஆகஸ்ட் 3, வியாழன்

காலை பிரஷர் 142/90.

தினமும் இந்த நோட்டில் இரண்டு விஷயம் எழுத வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. ஒன்று, பிரஷர் அளவு. இரண்டு, அன்றைக்கு என்ன நடந்தது. "முப்பத்தெட்டு வயசுக்கு இது கூடுதலாக்கும். எதுனால ஏறுதுன்னு பாத்துருவோம்" என்றார். எதனாலும் ஏறவில்லை, நான் நிம்மதியான ஆள் என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

உண்மையாகவே நிம்மதியான ஆள்தான். நாகர்கோவிலில் ஒரு மாலைப் பத்திரிகையில் பக்கம் வடிவமைக்கிறேன். ஆறாம் பக்கம் என் பொறுப்பு. கண்ணீர் அஞ்சலி, தங்க விலை, ராசிபலன், மின்தடை அறிவிப்பு. இதில் டென்ஷனாக என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சில் டிரம்ஸ் வாசிப்பேன். மாலையில் இடிச்சக்கையில்.

இடிச்சக்கை என்பது எங்கள் ராக் குழு. உண்மையில் அது பிஞ்சுப் பலாக்காயை இடித்துச் செய்கிற கூட்டின் பெயர். பதினாறு வருடத்துக்கு முன்பு குழுவுக்குப் பெயர் யோசித்த அன்று லிவின் வீட்டில் மதியம் அதுதான் இருந்தது. லிவின் பாடுவான், கிட்டார் வாசிப்பான், மற்ற நேரங்களில் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பான். சிவதாணு பேஸ் கிட்டார். வாழைக்குலை வியாபாரம் செய்கிறான். வருடத்துக்கு நான்கு வாக்கியம் பேசினால் அதிகம். மூன்று மாதமாக ஷைனி என்ற பெண் கீபோர்டு வாசிக்கிறாள். பெங்களூரில் ஒலிப்பதிவு படித்துவிட்டு வந்தவள், கெட்டிக்காரி.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

காலையில் சர்ச். பாஸ்டர் என் தோளைத் தட்டி, "ஜஸ்டஸ், நீ வாசிக்கியதுனால ஆராதனை பத்து நிமிஷம் முன்னாலயே முடிஞ்சிருது. சபையே சந்தோசமா இருக்கு" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். பாடகர் குழுவில் வயதான இரண்டு பேர் மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மாலை ஒத்திகைக்குப் போனால் கிட்டாரெல்லாம் உறையில் கிடந்தது. "மொதல்ல இதக் கேளு மக்கா" என்றான் லிவின். ஷைனி லேப்டாப்பில் ஒரு பாட்டைப் போட்டாள். பெயர் 'ஒரு சதவீதம்'. காதலிக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, செல்போனில் சார்ஜ் ஒரு சதவீதம்தான் இருக்கிறது, அதற்குள் ஒருவன் பாடி முடிக்க வேண்டும். அருமையான கரு. நடுவே கிட்டார் உறுமுகிறது. சுற்றிலும் 'டுய்ங் டுய்ங்' என்று எலக்ட்ரானிக் சத்தங்கள். டிரம்ஸ் மணிமணியாக விழுந்தது.

"டிரம்ஸ் கொள்ளாமே. இத எப்பம் வாசிச்சேன்?" என்று மெச்சிக் கேட்டேன்.

சிவதாணு கிட்டார் உறையின் ஜிப்பைத் திறந்தான். பிறகு மூடினான்.

"அது கம்ப்யூட்டர் அண்ணே" என்றாள் ஷைனி.

"இந்த ஒரு பாட்டுக்கு நீ ரெஸ்ட் எடு மக்கா. ஒனக்கு பிரஷர் வேற இருக்குல்லா" என்றான் லிவின். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. காலம் மாறுகிறது, இசையும் மாறத்தான் வேண்டும். மாலை பிரஷர் 161/101. மெஷினில் பேட்டரி தீர்ந்திருக்கும்.

ஆகஸ்ட் 7, திங்கள்

புது பேட்டரி போட்டேன். 159/100. மெஷினே சரியில்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

154/97. டிரம்ஸ் செட்டை முழுதாகக் கழற்றித் துடைத்தேன். ஒவ்வொரு திருகாணிக்கும் தேங்காயெண்ணெய் போட்டேன். ரெஜிலா வந்து பார்த்தாள். என் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "ஏங்க, முந்தாநேத்துதான இதையே கழத்தித் தொடச்சீங்க?" என்றாள். தூசி நிறைய வருகிறது என்றேன். வாசிக்காத பொருளில் தூசி சீக்கிரம் படியும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ரெஜிலா அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். பாட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று ஷைனியிடம் கெஞ்சினேன். அனுப்ப மாட்டேன் என்றுவிட்டாள். பாட்டு ஓணத்தன்று வெளிவரும் வரை அவள் லேப்டாப்பைத் தாண்டிப் போகக் கூடாது என்று லிவின் சட்டம் போட்டிருக்கிறான். யாராவது திருடிவிடுவார்களாம். எங்கள் யூடியூப் சேனலை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பின்தொடர்கிறார்கள். அதில் பாதிப் பேர் சிவதாணுவின் சொந்தக்காரர்கள்.

அதனால் செல்போனில் வெறும் டக் டக் தாளத்தை அதே வேகத்தில் ஓடவிட்டு, காதில் மாட்டிக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். முதல் நிமிடம் ஒன்றாகப் போனோம். அடுத்த நிமிடம் டக் டக் பின்தங்கியது. செல்போனைத் திட்டினேன். திரும்ப வாசித்தேன். மறுபடியும் பின்தங்கியது. ஏழு தடவை வாசித்த பிறகுதான் புரிந்தது. செல்போன் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. ஓடுகிறவன் நான்.

பதினாறு வருடம். எத்தனை மேடை, எத்தனை கல்லூரி விழா, எத்தனை கிறிஸ்துமஸ். எல்லாவற்றிலும் ஓடியிருக்கிறேன். ஒருவரும் சொல்லவில்லை. பாஸ்டர் சொன்னது பாராட்டில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்து அழுதேன். என்னை இப்போது ஒரு பாட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள், அடுத்ததாகக் குழுவிலிருந்தே எடுத்துவிடுவார்கள். இடிச்சக்கை இல்லாவிட்டால் நான் வெறும் ஆறாம் பக்கம்.

பிரஷர் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 16, புதன்

மாலை லிவின் வீட்டில் வீடியோ பற்றிப் பேச்சு. வீடியோ எடுக்கப்போகிறவர் ஜெகன். மாவட்டத்தில் பாதிக் கல்யாணங்களை அவர்தான் எடுக்கிறார். மாவு மில்லில் எடுக்கலாம் என்றார். பெல்ட், சக்கரம், மாவுப் புழுதி, அதன் நடுவே கலர் லைட். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

தெரிசனங்கோப்பில் சிவதாணுவின் மாமா நீலகண்டன் மில் வைத்திருக்கிறார். அவருக்கு அங்கிருந்தே போன் போட்டார்கள். "வர்ற பொதங்கெழம மில்லு ஓடாதுடே. அன்னைக்கு வேணும்னா எடுத்துக்கிடுங்க" என்றார் மாமா. லிவின் துள்ளிக் குதித்தான். புதன்கிழமை ஏன் ஓடாது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்குத் தோன்றவில்லை.

"டிரம்ஸ்தான் இல்லியே, அப்ப ஜஸ்டஸ் அண்ணன் என்ன செய்வாரு?" என்று ஷைனி கேட்டாள். பாவம், நல்ல பெண்.

ஜெகன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ரோபோ. சும்மா நின்னா போதும். பாட்டு தொடங்கும்போ ஒரு பட்டன அமுக்கணும்."

சும்மா நிற்பது எளிதான வேலை. 163/102.

ஆகஸ்ட் 18, வெள்ளி

அலுவலகம். அடுத்த வார மின்தடைப் பட்டியல் வந்தது. மாதாந்திரப் பராமரிப்பு. புதன்: பூதப்பாண்டி, தெரிசனங்கோப்பு, அருமநல்லூர், கடுக்கரை, காலை 9 முதல் மாலை 5 வரை. எழுத்துப்பிழை பார்த்தேன். ஒன்றுமில்லை. ஊர்ப் பெயர்கள் சரியாக இருந்தன. நேரமும் சரியாக இருந்தது. செவ்வாய்க்கிழமைப் பக்கத்துக்கு எடுத்து வைத்தேன்.

மதியம் சாம்பார் சாதம், அப்பளம். லிவின் போன் செய்தான். வேறு என்ன விசேஷம் என்று கேட்டான். ஒரு விசேஷமும் இல்லை என்றேன்.

பிரஷர் 171/106.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

ரோபோ உடை தயார். வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி, மேலே பிரியாணி பொதிகிற அலுமினியத் தாள். ரெஜிலாதான் அளவெடுத்து ஒட்டினாள். கண்ணாடியில் பார்த்தபோது கல்யாண வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய பார்சல் போல இருந்தேன்.

பையில் டிரம்ஸ் குச்சிகளைப் பார்த்துவிட்டு, "பட்டன் அமுக்க எதுக்கு குச்சி?" என்று கேட்டாள். அது எப்போதும் பையில் கிடப்பதுதான். இரண்டு ஜோடி.

ஆகஸ்ட் 23, புதன்

எட்டரைக்கு மில்லில் இருந்தோம். லிவின் பாதித் தலையை மொட்டையடித்து, மீதிப் பாதிக்கு வெள்ளிச் சாயம் பூசிக்கொண்டு வந்திருந்தான். எலக்ட்ரானிக் தோற்றமாம். ஷைனி லேப்டாப்பைச் செருகி, ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு வைத்தாள். ஜெகன் கலர் லைட் போட்டார், புகை மெஷினை ஓட்டினார். என்ன இருந்தாலும் அழகாகத்தான் இருந்தது. ஜெகனுக்குக் கல்யாணப் பழக்கம் விடவில்லை. "மாப்ள கொஞ்சம் பொண்ணப் பாத்துச் சிரிங்க" என்று லிவினிடம் சொன்னார். பக்கத்தில் நின்றது சிவதாணு. லிவினும் சிரித்துவிட்டான்.

ஒன்பது மணிக்கு எல்லாம் 'டொப்' என்று அணைந்தது. புகை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"மாமா, பியூஸ் போச்சு!" என்று லிவின் கத்தினான்.

நீலகண்டன் மாமா வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தார். எழுந்திருக்காமலே பதில் சொன்னார். "பியூசு போகல்ல. கரன்ட்டு இனி அஞ்சு மணிக்குத்தான் வரும்."

"இத மொதல்லயே சொல்லப்பிடாதா மாமா?"

"மில்லு ஓடாதுன்னு சொன்னேன்லா? வேற எதுக்குடே ஓடாது? இது என்ன பேங்கா, லீவு விடியதுக்கு?"

சிவதாணு தலையில் கைவைத்து மாவு மூட்டை மேல் உட்கார்ந்தான். ஷைனியின் லேப்டாப்பில் பேட்டரி செத்து இரண்டு வருடம் ஆகிறது. செருகினால்தான் உயிர் வரும். பாட்டு வேறு எங்கும் இல்லை. லிவினின் சட்டம் அப்படி. ஜெனரேட்டருக்கு அலைந்தார்கள். சுற்று வட்டாரத்து ஜெனரேட்டர் எல்லாம் பக்கத்து ஊர்ச் சர்ச் திருவிழாவுக்குப் போயிருந்தது. ஜெகனின் கேமராவில் மட்டும் பேட்டரி நிறைய இருந்தது, ஆனால் இரண்டு மணிக்கு அவருக்கு ஒரு நிச்சயதார்த்தம். ஓணத்துக்கு ஆறே நாள். "தாளம் இல்லாம எப்படி வாயசைக்க?" என்று லிவின் புலம்பினான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. அதைப் பார்க்க முடியாமல் என் உடையின் அலுமினியத் தாளை நீவிவிட்டுக்கொண்டிருந்தேன். ஏன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

"நான் வேணும்னா அடிக்கட்டா?" என்றேன்.

"எதுல?"

காலி எண்ணெய் பீப்பாய், இரண்டு கோதுமை டின், தராசுத் தட்டு ஒன்று. குச்சி பையில் கிடந்தது. அட்டை உடையோடு உட்கார்ந்தேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று சொல்லி அடித்தேன்.

என்னவென்று சொல்ல! தகரக் கூரை அதிர்ந்தது. பரணில் இருந்த மாவெல்லாம் கொட்டியது. லிவின் வாயசைக்கவில்லை, நரம்பு புடைக்கப் பாடினான். சிவதாணு குதித்தான். பதினாறு வருடத்தில் அவன் குதித்து நான் பார்த்ததில்லை. இரண்டாவது தடவையில் என் உடையின் கைகள் கிழிந்து தொங்கின. நான்கு தடவை முழுப் பாட்டையும் எடுத்தோம். நான்காவது முடிகிற நேரத்தில் சிவதாணு குதித்த குதியில் மிளகாய் அரைக்கிற மெஷினின் தட்டு கவிழ்ந்தது. எல்லாரும் தும்மினோம். மாமா வாசலில் தும்மினார். ஜெகன் தும்மிக்கொண்டே எடுத்தார்.

"இனி ஒருத்தனும் எனக்க மில்லுப் படி ஏறப்பிடாது!" என்றார் மாமா.

மாலை பிரஷர் 118/76. மெஷின் தானாகவே சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 24, வியாழன்

லிவினின் மேலாளர் அவனைப் பார்த்துவிட்டு, மீதித் தலையையும் மொட்டையடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டாராம். அடித்துவிட்டான். 124/80.

ஆகஸ்ட் 25, வெள்ளி

அலுவலகத்தில் இருக்கும்போது ஷைனி போன் செய்தாள். "அண்ணே, ஒடனே வாங்க. பாட்டு மூணு நிமிஷம் நாப்பத்தெட்டு செகண்டு. வீடியோ மூணு நிமிஷம் இருவத்தொம்பதுலயே முடிஞ்சிருது."

பத்தொன்பது வினாடி. கணக்கு டீச்சரைக் கேட்கவே தேவையில்லை.

போனேன். லிவினும் சிவதாணுவும் இருந்தார்கள். படத்தை ஓட்டினாள். முதல் நிமிடம் லிவினின் வாய் பாட்டோடு சேர்ந்திருந்தது. பிறகு வாய் முன்னால் போனது. பிறகு இன்னும் முன்னால். கடைசியில் படத்தில் எல்லாரும் தும்மிக்கொண்டிருக்கிறார்கள், பாட்டில் லிவின் இன்னும் உருகிக்கொண்டிருக்கிறான். திரும்ப எடுக்கவும் வழியில்லை. மில் கிடையாது, லிவினுக்கு முடி கிடையாது.

 நான்தான் முதலில் பேசினேன். "தப்பு எனக்க மேலதான். நான் ஓடிட்டேன். பதினாறு வருசமாட்டு ஓடிட்டுதான் இருக்கேன். இப்பம்தான் தெரிஞ்சுது. நீங்க வேற ஆளப் பாத்துக்கிடுங்க."  மில்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வாயெடுத்தேன். அது வரவில்லை.

சிவதாணு பேசினான். "நீ ஓடுவன்னு எங்களுக்குத் தெரியாதா? ஒனக்குப் பின்னால ஓடியதுதானடே இந்த பேண்டு." இந்த வருடத்துக்கான அவன் ஒதுக்கீட்டில் பாதி போயிற்று.

"பொறவு எதுக்கு கம்ப்யூட்டரப் போட்டிய?" என்று கேட்டேன்.

லிவின் மொட்டைத் தலையைத் தடவினான். "எனக்கு மூச்சு பத்தல்ல மக்கா. ஒனக்க வேகத்துக்குப் பாட முடியல்ல. நாப்பது ஆவப் போவுதுல்லா. வெளிய சொல்ல வெக்கமா இருந்து. அதான் ஒனக்க பிரஷர் மேல பழியப் போட்டேன்."

நான் இத்தனை நாள் எண்ணெய் போட்ட திருகாணிகளை நினைத்துப் பார்த்தேன். ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்கலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்தேன்.

இதற்குள் ஷைனி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. "அண்ணே, இஞ்ச பாருங்க. நாலு தடவ எடுத்தோம்லா? நாலுலயும் பத்தொம்பது செகண்டுதான். ஒரே எடத்துல வேகம் கூடுது, ஒரே அளவுக்குக் கூடுது. மனுசன் ஓடுனா ஒரு நாளு பத்து, ஒரு நாளு இருவதுன்னு வரும். நீங்க மெஷினு மாதிரி ஓடுதீங்க."

"இப்பம் என்ன செய்ய?"

"வீடியோவ மாத்த முடியாது. பாட்ட மாத்துவோம். கம்ப்யூட்டரு ஒங்களுக்குப் பின்னால ஓடட்டும்."

ஆகஸ்ட் 27, ஞாயிறு

நான் பீப்பாயில் அடித்ததைக் கேமரா பிடித்திருந்தது. ஷைனி அதையே எடுத்து வைத்து, கம்ப்யூட்டர் தாளத்தை அதன் பின்னாலேயே ஓடவிட்டாள். எல்லா டுய்ங் டுய்ங்கும் எனக்குப் பின்னால் வரிசையாக வருகின்றன. லிவின் திரும்பப் பாடினான். கடைசிச் சரணத்தில் நிஜமாகவே மூச்சு வாங்கியது. சார்ஜ் தீரப்போகிறவன் அப்படித்தான் பாடுவான். பழையதில் அவன் ஒரு சதவீதத்தை வைத்துக்கொண்டு சாவகாசமாகப் பாடியது எவ்வளவு தப்பு என்று இப்போது எல்லாருக்கும் புரிந்தது. கடைசியில் தும்மல்களையும் தாளத்தில் சேர்த்துவிட்டாள்.

122/80.

ஆகஸ்ட் 29, செவ்வாய், ஓணம்

காலை பத்து மணிக்கு வெளியிட்டோம். மாலைக்குள் நாலாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். கிழிந்த பெட்டிக்குள் இருந்து அடிக்கிற ரோபோ யார் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் மட்டும், 'தும்மல் பகுதி உலகத் தரம்' என்று எழுதியிருக்கிறார். நீலகண்டன் மாமா தன் மில் பெயரோடு எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறாராம். பாஸ்டர், "பாட்டு கொள்ளாம், சீக்கிரம் முடிஞ்சிருது" என்றார்.

ரெஜிலா அவியலுக்குச் சேனை நறுக்கப் பழைய பத்திரிகையை விரித்தாள். நறுக்கப்போனவள் நின்று வாசித்தாள். "தெரிசனங்கோப்பு, காலை ஒம்பது முதல் மாலை அஞ்சு வரை." என்னைப் பார்த்தாள். "ஏங்க, இது நீங்க போடுற பக்கம்லா?"

"ஆமா."

"ம்" என்றாள். சேனைத் தோலையெல்லாம் அதில் வைத்து மடித்துக் குப்பையில் போட்டுவிட்டாள். நல்ல மனுஷி.

செப்டம்பர் 1, வெள்ளி

டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். விரலால் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். "பதினெட்டாந்தேதிதான் ரொம்பக் கூடுதல். அன்னைக்கு என்ன நடந்து?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். சாம்பார் சாதம், அப்பளம்."

அப்பளத்தைக் குறைக்கச் சொன்னார்.

செப்டம்பர் 3, ஞாயிறு

ஒத்திகை. என் டிரம்ஸ் நடுவில், ஷைனியின் லேப்டாப் எனக்குப் பின்னால். லிவின் தினமும் காலையில் பீச்சில் ஓடுகிறானாம், மூச்சுக்காக. புதுப்பாட்டு ஒன்று வாசித்தோம். ஓடினேன். எல்லாரும் கூட வந்தார்கள்.

முடிந்து வயர்களைச் சுருட்டும்போது ஷைனி சாதாரணமாகச் சொன்னாள். "அண்ணே, அடுத்த வீடியோவுக்கு ஒரு தேதி வேணும். ஒங்க ஆறாம் பக்கத்தப் பாத்து, கரன்ட் இல்லாத நாளா ஒண்ணு சொல்லுங்க."

எந்தப் பக்கம் என்று கேட்டேன்.  லிவின் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தான். சிவதாணு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

பிரஷர் 120/80.

செப்டம்பர் 12, செவ்வாய். ஆளூர், சுங்கான்கடை. காலை 9 முதல் மாலை 5 வரை.